எட்டாவது பாட்டு

கேசட் வந்த அன்றைக்கு மாரிசெல்வம் அதை அக்கா முனீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "பஸ்ஸு வந்துரும்க்கா" என்றான். பாளையம்பட்டி நிறுத்தத்துக்கு டவுன் பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் படியிறங்கிப் போய்விட்டான்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆவணி மாதம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று மணி வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி அங்கே தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறவள். பதினோரு மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அட்டையில் ஒரு பனிமலை. மலைக்கு முன்னால் கொம்பு முளைத்த மண்டையோடு. மேலே 'உடங்காடு' என்று முள்முள்ளாக எழுத்து. அது பையன்களின் குழுவுக்குப் பெயர். நடுவில் 'மடைச்சடச்சி' என்று ஆல்பத்தின் பெயர். அதற்கும் கீழே ஆங்கிலத்தில், 'எ பேகன் டேல்'. பரளச்சிப் பக்கத்துச் சாமிக்குப் பனிமலை எங்கிருந்து வந்தது என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. உள்தாளைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. இசை, பாடல்கள், குரல்: ராம்குமார். பேஸ் கிதார்: கோகுல். ட்ரம்ஸ்: செல்வா, அது மாரிசெல்வம். நன்றி என்று பன்னிரண்டு பேர். மிளகாய் வத்தல் குடோனுக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள். முனீஸ்வரி என்ற பெயர் எங்கேயும் இல்லை.

ஒன்பது பாட்டையும் எழுதியவள் அவள்.

சரி, மறந்திருப்பான்கள் என்று அப்போதும் நினைக்கத்தான் பார்த்தாள். சுருக்கெழுத்து வகுப்புக்கு வைத்திருந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். முதல் பாட்டு, மூன்று வருஷப் பஞ்சம். கிதார் கொதிக்கிற எண்ணெய்போல இரைந்தது. தம்பியின் ட்ரம் அதற்கு அடியில் ஓடிய வேகத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பையன்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு பாட்டாக ஓடி எட்டாவது வந்தது. அதில் அவள் எழுதியிருந்தது இது:

மூணு அண்ணன் மூணு மம்பட்டி
மூச்சு நிக்கல, மண்ணு விழுந்துச்சு
தண்ணி திறந்த கையைக் கட்டி
மடைக்குள்ளேயே மூடி வச்சாக

ராம்குமார் கத்தியது வேறு. 'தானே பாய்ந்தாள், தானே பாய்ந்தாள், தன்னுயிர் தந்தாள் கரையைக் காக்க.' ரீவைண்ட் பண்ணி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவள் தானேதான் பாய்ந்தாள்.

முனீஸ்வரி எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன.

அவளுக்கு வந்த கோபம் எப்படிப்பட்டது என்று புரிய, சடச்சி யார் என்று சொல்லவேண்டும். பரளச்சிக்குத் தெற்கே வேம்பாங்குளம். அதுதான் முனீஸ்வரியின் ஊர். மானாவாரிக் காடு, ஒரு கண்மாய். கண்மாய்க்குக் கீழே தாழ்வாகக் கீழக்குடி. கண்மாயிலிருந்து தண்ணீர் திறக்கிற மடையில் ஒரு கல் நிற்கிறது. அதுதான் மடைச்சடச்சி. பங்குனியில் கொடைத் திருவிழா. ஒரு மழைக்காலத்தில் கண்மாய்க் கரை உடைந்துபோக, ஊரைக் காப்பாற்ற அந்தப் பெண் தானாகவே உடைப்பில் பாய்ந்து உயிரைக் கொடுத்தாள் என்றுதான் பூசாரி உடுக்கை அடித்துப் பாடுவார். முனீஸ்வரியும் இருபத்து மூன்று வயது வரைக்கும் அதைக் கேட்டுக் கும்பிட்டு வளர்ந்தவள்தான்.

கீழக்குடியிலிருந்து டைப்ரைட்டிங் கற்க வந்த பேச்சிதான், ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"உங்க ஊர்ல அப்படியா டீச்சர் பாடுறாக? எங்க ஊர்ல வேற மாதிரி. மூணு வருசம் மழை இல்லாம, அப்பறம் ஒரே மழையில கம்மா பெருகிருச்சாம். கீழக்குடிக்குச் சொட்டுத் தண்ணி விடக் கூடாதுன்னு மேல உள்ளவுக மடைய அடச்சிட்டாக. இந்தச் சடச்சிதான் விடியமுன்ன போயித் திறந்து விட்டுருக்கா. அவளோட அண்ணன்மாரே அவளை அந்த மடையில போட்டு மூடிட்டாக. மறுவருசமும் அதுக்கு மறுவருசமும் அந்த எடத்துலயே கரை ஒடஞ்சுச்சாம். பயந்துக்கிட்டுக் கல்லை நட்டு, சாமின்னுட்டாக."

அந்த மூன்று அண்ணன்மாரின் வம்சம்தான் வேம்பாங்குளத்தில் கொடைக்கு முதல் மரியாதை வாங்கும் மூன்று வீடுகள். அதில் ஒரு வீடு முனீஸ்வரியுடையது. அவளுடைய அப்பா ஐயாத்துரை ஒவ்வொரு பங்குனியிலும் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றதெல்லாம் கொலைகாரனின் வாரிசாகத்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதத் தொடங்கினாள்.

அதே சமயத்தில்தான் அருப்புக்கோட்டை வத்தல் வியாபாரி மகன் ராம்குமார், பெங்களூரில் இன்ஜினியரிங் முடித்து, ஒரு எலெக்ட்ரிக் கிதாரோடும் ஒரு பெட்டி நிறைய வெளிநாட்டுக் கேசட்டோடும் வந்து இறங்கினான். திராஷ் மெட்டல் என்றான், அசுர வேகத்தில் கத்திப் பாடுகிற ராக் இசை. கோகுலும் மாரிசெல்வமும் சேர்ந்தார்கள். குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் வாசிப்பார்கள். அடிக்கிற அடியில் வத்தல் நெடி கிளம்பி, பாதிப் பாட்டில் மூவரும் தும்முவார்கள். வெளிநாட்டுக்காரன் பழைய தெய்வங்களை வைத்து முழு ஆல்பத்தையும் ஒரே கதையாகப் போடுகிறான், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ராம்குமார் அலைந்துகொண்டிருந்தபோது மாரிசெல்வம்தான், "எங்க அக்கா ஒரு கதை எழுதி வச்சிருக்கு" என்று தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தான். படித்துவிட்டு ராம்குமார் அன்றைக்கே சைக்கிளில் பாளையம்பட்டிக்கு வந்தான். "அக்கா, இது வெடிகுண்டுக்கா" என்று இதே இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்று சொன்னவன் அவன்.

மறுநாள் காலை முனீஸ்வரி நேராகக் குடோனுக்குப் போனாள். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. ராம்குமார் சிட்டையைப் பிடித்துக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. கேட்டீகளா? எப்படி இருக்கு?"

"எட்டாவது பாட்டை யாரு மாத்துனது?"

அவன் சிட்டையை மூடினான். "கம்பெனிக்காரர்தான்க்கா. மதுரையில அவரு இதுவரைக்கும் பக்திப் பாட்டுத்தான் போட்டுருக்காரு. நாளைக்கு அந்த வம்சத்து ஆளுக வந்து கடையை ஒடச்சா யாரு பொறுப்புன்னு கேட்டாரு. மாத்துனாத்தான் போடுவேன்னுட்டாரு."

"மாத்துனது யாருன்னு கேட்டேன். அவரா எழுதுனாரு?"

"நான்தான் எழுதுனேன். ஸ்டுடியோவுலயே, அஞ்சு நிமிசத்துல."

"அஞ்சு நிமிசத்துல." முனீஸ்வரி அதைத் திருப்பிச் சொன்னாள். "அவளைக் கொன்ன கதையைத்தான் ஒன்பது பாட்டா எழுதிக் கொடுத்தேன். நீ அஞ்சு நிமிசத்துல அவ தானா செத்தான்னு ஆக்கிட்டே."

"அக்கா, கோவிச்சுக்காதீக. இந்த மியூசிக்ல யாருக்கு வார்த்தை புரியப்போகுது? கத்துறதுதானே! ஃபீலிங்தான் முக்கியம்."

"புரியாதுன்னா எழுதுனபடியே கத்திருக்கலாமே? புரியாததுக்கு எதுக்கு மாத்துனே?"

லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"சரி, பேகன்னா என்ன?" என்றாள். "நேத்து டிக்சனரியில பார்த்தேன். அஞ்ஞானி, நாகரிகமில்லாதவன்னு போட்டிருக்கு. யாரு அஞ்ஞானி? அவளா, கும்பிடுற நாங்களா?"

"அது ஒரு ஸ்டைலுக்கா. ஹாஸ்டல் பிரண்டு ஒருத்தன் போடச் சொன்னான்."

"பேரு? என் பேரு என்னாச்சு?"

ராம்குமார் தரையைப் பார்த்தான். பொம்பளைப் பிள்ளை பெயர் இந்த மாதிரிக் கேசட்டில் வந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கம்பெனிக்காரர் சொன்னாராம். தனக்கும் அது சரியென்று பட்டதாம். அடுத்த கேசட்டில் கண்டிப்பாகப் போட்டுவிடலாமாம்.

"என் கல்யாணத்தைப் பத்தி யோசிக்கிறதுக்கு ஸ்டுடியோவுல நேரம் இருந்திருக்கு" என்றாள் முனீஸ்வரி. "எனக்குப் பேரு வேணாம். எடுத்துக்கோ, நீயே வச்சுக்கோ. அந்த எட்டாவது பாட்டைத் திரும்ப ஒழுங்காப் பாடி வெளிய விடு."

"ஆயிரம் கேசட் அடிச்சாச்சுக்கா. இனி என்ன செய்ய முடியும்?"

வேம்பாங்குளத்துக்குத் திரும்பியபோது மாரிசெல்வம் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருலே. மாத்தும்போது நீ எங்க இருந்தே?"

"ட்ரம்முக்குப் பின்னாலதான்."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலக்கா." கையிலிருந்த குச்சியை ஒடித்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். மூணு நாளைக்குத்தான் ஸ்டுடியோ எடுத்திருந்தோம். ராம்குமார் அப்பாதான் அதுக்குப் பணம் கொடுத்திருந்தாரு. நான் பேசி, எல்லாம் நின்னுபோயிட்டா என்ன பண்றதுன்னு… கேசட் வரணும்க்கா. எங்க சத்தம் வெளிய வரணும்."

"உங்க சத்தம் வரணும்னு அவ சத்தத்தை அமுக்கிட்டீக. இதைத்தானலே அந்த மூணு பேரும் பண்ணுனாக?"

சொன்ன பிறகு அது அதிகம் என்று அவளுக்கே பட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பொருமிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை மதியம், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட் கடை வைத்திருந்த சீனிச்சாமியிடம் போனாள். கேசட் நன்றாகப் போகிறது என்றார் அவர். பாலிடெக்னிக் பையன்கள் வாங்குகிறார்களாம். "ஆனா ஒரு சங்கடம் தாயி. வாங்குன பூராப் பேரும் வந்து, அண்ணாச்சி, இதுல என்ன பாடுறாகன்னு ஒரு எழவும் புரியல, பாட்டுப் புத்தகம் இருக்கான்னு கேக்குறாக. எனக்கே புரியல, நான் எங்க போவேன்?"

முனீஸ்வரி மேசையில் கிடந்த ஒரு கேசட்டைத் திறந்து உள்தாளை எடுத்துப் பார்த்தாள்.

"நான் தாரேன் அண்ணாச்சி" என்றாள்.

திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டில் ரிப்பனைக் கழற்றிவிட்டு, தமிழ் மெஷினில் ஸ்டென்சில் தாளைச் செருகி ஒன்பது பாட்டையும் அடித்தாள். எட்டாவது பாட்டை அடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் பலமாக விழுந்ததில் ஓரிரு எழுத்து ஓட்டையாகிவிட்டது. அதன் அடியில் ஒரு குறிப்பு: 'கேசட்டில் இந்தப் பாட்டு மாற்றிப் பாடப்பட்டிருக்கிறது. எழுதியது இப்படித்தான். எழுதியவள்: ஐ. முனீஸ்வரி, வேம்பாங்குளம்.' பேச்சியும் அவளுமாக சைக்ளோஸ்டைல் உருளையைச் சுற்றி ஐந்நூறு பிரதி எடுத்தார்கள். கை, முழங்கை, தாவணி எல்லாம் மை. நாலாக மடித்துக் கொடுத்ததைச் சீனிச்சாமி ஒவ்வொரு கேசட் பெட்டிக்குள்ளும் வைத்து விற்றார். பந்தல்குடிச் சாலையில் லாரி டிரைவர்கள் வாங்குகிற கடைக்கும் ஒரு கட்டு போனது.

வார்த்தை புரியாத பாட்டு என்பதே கடைசியில் உதவியாகப் போய்விட்டது. தாளைக் கையில் வைத்துக்கொண்டால்தான் பாட்டையே தொடர முடியும் என்பதால், வாங்கிய ஒவ்வொருவனும் அதை வரிக்கு வரி படித்தான். எட்டாவதில் வாய் ஒன்று சொல்ல, தாள் ஒன்று சொல்ல, ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி கிளம்பியது. ஐப்பசியில் ஒரு கல்லூரி விழாவில் இவர்கள் வாசித்தபோது, முன்னால் நின்ற பையன்கள் எட்டாவது பாட்டுக்கு "மூணு அண்ணன்! மூணு மம்பட்டி!" என்று கூச்சலிட்டிருக்கிறார்கள். ராம்குமார் கிதாரை இறக்கி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டானாம், கோகுலும் பின்னாலேயே. மாரிசெல்வம் இறங்கவில்லை. தனியாக ட்ரம்மை அடித்துக்கொண்டே, எழுதியபடியே அந்தப் பாட்டைக் கத்தி முடித்திருக்கிறான். உடங்காடு அதோடு கலைந்தது. இதையெல்லாம் பேச்சிதான் வந்து சொன்னாள். மாரிசெல்வம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாள் வேம்பாங்குளத்துக்கும் வந்து சேர்ந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடைக்கல்லுக்கு முன்னால் பங்காளிகள் கூடினார்கள். மூன்று வீட்டில் மூத்த வீட்டுக்காரரான பால்சாமி அந்தத் தாளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எச்சில் இலையைப் பிடிப்பதுபோல.

"நீ எழுதுனதா?"

"ஆமா பெரியப்பா."

"சரி. அறியாம எழுதிட்டே. சாமி முன்னால விழுந்து, பொய்யா எழுதிட்டேன், மன்னிச்சிருன்னு சொல்லிரு. இதோட விட்டுருவோம்."

"யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்? கொல்லப்பட்டவகிட்டயா, கொன்னவுககிட்டயா?"

கூட்டம் சலசலத்தது. "வாயைப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். பால்சாமி கையை உயர்த்தினார். "எங்க பாட்டன் பூட்டனைக் கொலைகாரன்னு அச்சடிச்சு லாரிக்காரன் வரைக்கும் வித்துருக்கே. நாங்க என்ன கொலைகாரங்களா?"

"நீங்க கொன்னீகன்னு நான் எழுதல பெரியப்பா. செத்துப்போன மூணு பேரு செஞ்சதுக்கு உசுரோட இருக்கிற நீங்க எதுக்கு வக்கீலா நிக்கிறீக?"

பால்சாமி ஐயாத்துரை பக்கம் திரும்பினார். "ஏப்பா, ஒன் மக பொய் சொல்லுதுன்னு நீ சொல்லு. நீ சொன்னாப் போதும்."

ஐயாத்துரை துண்டை மடித்து மடியில் வைத்தபடி தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவான மனுஷர்.

"பொய்யின்னு எப்படிச் சொல்ல? அது பொய்யி இல்லயே. நமக்குத் தெரிஞ்சதுதான. எங்கப்பாரு என்கிட்ட சொன்னாரு. ஒனக்கும் ஒங்கப்பாரு சொல்லிருப்பாரு. ஆனா வெளிய எழுதுனது தப்புத்தான்."

முனீஸ்வரி அப்பாவுக்கு நேரே போய் நின்றாள். கேசட் அட்டையைப் பார்த்தபோது வந்ததெல்லாம் கோபமே இல்லை, இதுதான் கோபம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது.

"தெரியுமா? ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாதவுக யாரு இருக்காக இங்க?" என்றார் அவர், களைப்போடு.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவராவது திடுக்கிடவில்லை. சிலர் கண்மாய்ப் பக்கம் பார்த்தார்கள். பூசாரி சண்முகவேல் வேப்பமரத்தடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். தெரியாத ஊருக்குத் தெரியவைக்கிறேன் என்றுதான் அவள் இரண்டு வருஷம் எழுதினாள். அறியாத ஜனங்கள் என்று மனசுக்குள் இரக்கம்கூடப் பட்டிருந்தாள். இவர்களோ எல்லாம் தெரிந்தே பொங்கல் வைத்து, தெரிந்தே மாலை போட்டு, 'தானே பாய்ஞ்சா' என்று பாடச் சொல்லித் தெரிந்தே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"அப்ப வருசா வருசம் அவளைக் கூட்டி வச்சு, அவ முகத்துக்கு நேரே பொய் சொல்லிருக்கீக" என்றாள். மடைக்கல்லைக் கையால் காட்டினாள். "நான் விழ மாட்டேன். நீங்க விழுங்க. இத்தன பேரும் விழணும்."

யாரும் விழவில்லை. அவள் வீட்டுக்கு அந்த வருஷம் முதல் மரியாதை கிடையாது என்று தீர்மானமாயிற்று. ஐயாத்துரை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மகளோடு தை பிறக்கும் வரை பேசவும் இல்லை. ராம்குமார் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். போகும்முன் ஒருநாள் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நின்று, "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றான். "ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

பங்குனிக் கொடை வந்தது. உச்சிப் பொழுது, வெயில் தீயாய் எரிந்தது. மரியாதை வாங்குகிறவர்கள் கல்லுக்கு முன்னால் நின்றார்கள். கீழக்குடிக்காரர்கள் வழக்கம்போல மடைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில். முனீஸ்வரி இந்த வருஷம் அந்தப் பக்கம் இறங்கிப்போய்ப் பேச்சியோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மாரிசெல்வமும் இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

சண்முகவேல் உடுக்கையை எடுத்தார். பஞ்சத்தைப் பாடினார், மழையைப் பாடினார், கண்மாய் பெருகியதைப் பாடினார். கரை உடைந்த இடம் வந்தது. அடுத்த வரி எதுவென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார். கண் ஒரு கணம் பள்ளத்துப் பக்கம் போய்த் திரும்பியது. வாயை மூடிக்கொண்டு உடுக்கையை மட்டும் அடித்தார். அந்த வரி வரவேண்டிய நேரம் முழுக்க அடித்தார். பால்சாமி முறைத்துப் பார்த்தும் நிறுத்தவில்லை. அது கடந்தபிறகு, கல் நட்ட கதையை எடுத்துப் பாடிக்கொண்டு போய்விட்டார்.

பேச்சி முனீஸ்வரியின் கையைப் பிடித்து அழுத்தினாள். மாரிசெல்வம் முன்னால் குனிந்து, மோட்டார் ரூம் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடம் மெல்லக் கேட்டான்.

"பொய்யை விட்டுட்டாருக்கா. போதுமா?"

"போதாது" என்றாள் முனீஸ்வரி, கல்லைப் பார்த்தபடியே. "உள்ளதைப் பாடணும்."